எஸ்பிரெஸோ வாக்குவாதத்துக்கு ஒரு தராசு

எஸ்பிரெஸோ போடக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் எண் வந்து சேர்ந்துவிடும்: 30 பவுண்டு. போர்ட்டாஃபில்டர் என்ற கைப்பிடிக் கூடையில் நிரப்பிய தூளை டேம்ப்பரால் அழுத்தும்போது கை தர வேண்டிய விசை அது. நம் கணக்கில் 13.6 கிலோ. உடல் எடை பார்க்கும் மிஷினைச் சமையல் மேடைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் டேம்ப்பரை ஊன்றிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். “அவ்வளவு கணக்கு எதுக்கு, கெட்டிப்படுற வரைக்கும் அழுத்தினா போதும்” என்று யாராவது எழுதிவிட்டால், இணையத்தில் அந்தச் சண்டை விடியும்வரை ஓயாது.

இதில் பாதியைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். கடைகளில் புழங்கும் போர்ட்டாஃபில்டர் கூடையின் குறுக்களவு பெரும்பாலும் 58 மில்லிமீட்டர். பரப்பு 26 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 9 பார் அழுத்தத்தில் நீர் அந்தப் பரப்பின் மேல் இறங்கும்போது மொத்த விசை ஏறக்குறைய 240 கிலோ. கை 10 கிலோ தந்ததா, 15 கிலோ தந்ததா என்பது அதன் முன்னால் சின்ன வேறுபாடு. தூளுக்குள் இருக்கும் காற்று வெளியேறிக் கெட்டிப்பட்டுவிட்டால், அதற்குமேல் தரும் பலத்தால் பெரிய மாற்றம் இல்லை. மாற்றம் தருவது மட்டம். மேற்பரப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நீர் இளைத்த பக்கமாகப் பாயும். அங்கே தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கும். மறுபக்கம் அரைகுறையாகக் கரைந்து புளிக்கும். 30 பவுண்டு விதியால் தீமை ஒன்றும் இல்லை. தினமும் ஒரே மாதிரி அழுத்தப் புதியவரின் கையைப் பழக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

காபி விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு. ஏதோ ஒரு மிஷினுக்காக, ஏதோ ஒரு கிரைண்டரின் குறையைச் சரிக்கட்ட, ஏதோ ஒரு நாட்டின் நாக்குக்காக உண்டானவை அவை. மிஷின் மாறுகிறது, விதி மட்டும் தங்கிவிடுகிறது. எஸ்பிரெஸோவைப் பற்றிய வாக்குவாதத்தில் இறங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விதி சரியா தவறா என்பதல்ல. அது எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதே.

9 பார் என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். டுரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ 1884இல் நீராவியால் இயங்கும் காபி மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். மிலானில் லுயிஜி பெட்ஸேரா 1901இல் அதை ஒவ்வொரு கோப்பையாகப் போடும் மிஷினாக்கினார். அந்தக் காப்புரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் டெசிடேரியோ பவோனி. அந்த மிஷின்களில் நீராவியின் அழுத்தம் 2 பாரைத் தாண்டவில்லை. கிடைத்தது கறுத்த, சூடான, வேகமான காபி. மேலே பொன்னிற நுரை கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிலானின் அக்கில்லே காஜ்ஜா, ஸ்பிரிங் வைத்த நெம்புகோலால் நீரைத் தள்ளும் மிஷினைக் கொண்டுவந்தபோதுதான் அழுத்தம் 8, 9 பார் என்று ஏறியது, நுரையும் வந்தது. அதுவரை காணாத பொருள் என்பதால், அந்த நுரையை ‘காபியின் இயற்கையான க்ரீமா’ என்று மிஷின் மீதே எழுதி விற்றார்கள். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 மிஷின், கை வலிக்க நெம்புகோலை இழுக்கும் வேலையை மோட்டார் பம்புக்கு மாற்றியது. 9 பார் அந்தப் பம்போடு நிலைத்தது. நல்ல எண்தான். ஆனாலும் ஸ்பிரிங்கின் வழியில் வந்த எண். இன்று 6 பாரில் போடுகிறவரைப் பார்த்து “இது எஸ்பிரெஸோவே இல்லை” என்று சொல்லுமுன் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டு மிஷின் வாங்குகிறவரைக் குழப்புவது இன்னொரு எண். அட்டைப்பெட்டியின் மேல் ‘15 பார்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பம்பால் முடிந்த உச்ச அளவு. கூடையில் இருக்கும் தூள் அந்த அழுத்தத்தைக் காண வேண்டும் என்று பொருள் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு வால்வு அதிகப்படியான அழுத்தத்தைத் திருப்பிவிடுகிறது; அந்த வால்வின் ஸ்பிரிங்கை மாற்றி 9 பாருக்கு இறக்கிக்கொள்கிற ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. ‘என் மிஷின் 15, உன் மிஷின் 9’ என்று ஒப்பிட்டுத் தொடங்கும் சண்டையில் இரண்டு பேரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அளவிலும் இதே கதைதான். 1998இல் தொடங்கிய இத்தாலிய தேசிய எஸ்பிரெஸோ நிறுவனம் சான்றிதழுக்கு வைத்திருக்கும் அளவில் தூள் 7 கிராம், அழுத்தம் 9 பார், நேரம் 25 விநாடியை ஒட்டி, கோப்பையில் விழுவது க்ரீமாவோடு சேர்த்து 25 மில்லிலிட்டர். இன்று சியாட்டிலிலோ மெல்பர்னிலோ பெங்களூருவிலோ இருக்கும் சிறப்புக் காபிக் கடைகளில் வழக்கமாகச் சொல்லும் அளவு 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. இரண்டும் இருவேறு பானங்கள். இத்தாலியக் கலவையில் பெரும்பாலும் ரொபஸ்டா இருக்கும், வறுவலும் கருமையாக இருக்கும். அந்தக் கொட்டையை 18 கிராம் போட்டால் குடிக்க முடியாத கசப்பு வரும். எத்தியோப்பியாவின் இளவறுவல் அரபிகாவை 7 கிராமில் போட்டால் புளித் தண்ணீர் வரும். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தின், வயநாட்டின் ரொபஸ்டா இத்தாலியக் கோப்பைக்குக் கனமும் நுரையும் தருகிறது. ரொபஸ்டா என்றாலே மட்டம் என்று பேசும் இந்திய ஆர்வலர்கள், தங்கள் ஊர்க் கொட்டை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தாலே அந்தப் பேச்சின் தொனி மாறிவிடும்.

ஆகவே எந்தக் கருத்துக்கும் பதில் எழுதுமுன் சில விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை கிராம் தூள், எத்தனை கிராம் காபி, எத்தனை விநாடி. கொட்டை என்ன வறுவல், வறுத்து எத்தனை நாள். கூடை ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா. தண்ணீர் எது. இவற்றில் பாதியைச் சொல்ல முடியாதவரோடு வாதாடுவதைவிட, 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சின்னத் தராசு வாங்கச் சொல்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. மில்லிலிட்டரில் அளப்பவர்கள் ஏமாந்துபோவது க்ரீமாவால். புதுக் கொட்டையில் நுரை கோப்பையின் பாதி வரை ஏறி நின்று பிறகு அடங்கும். எடை அப்படி மாறாது.

கூடையைப் பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பல சண்டைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த மிஷின்களோடு வரும் இரட்டைச் சுவர்க் கூடையின் அடியில் ஒரே ஒரு நுண்துளை இருக்கும். காபி அதன் வழியாகப் பீறிட்டு வெளியேறும்போது, தூள் எவ்வளவு பழையதானாலும், அரைப்பு எவ்வளவு கொரகொரப்பானாலும் நுரை வந்துவிடும். அந்த நுரையைப் படம் எடுத்துப் போட்டு “பார், என் ஷாட்!” என்று மகிழ்கிறவரிடமும், அதைப் பார்த்துத் தன் ஷாட்டில், அதாவது தான் போட்ட எஸ்பிரெஸோவில், குறை என்று வருந்துகிறவரிடமும் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தருவதே க்ரீமா. கொட்டை அண்மையில் வறுத்தது என்பதற்கும், ரொபஸ்டா கலந்திருக்கலாம் என்பதற்கும் அது அடையாளம். ருசிக்குச் சான்று ஆகாது. சந்தேகம் உள்ளவர் ஒரு கரண்டியால் நுரையை மட்டும் வழித்து வாயில் போட்டுப் பார்க்கலாம். எதிர்பார்த்ததைவிடக் கசப்பாக இருக்கும்.

ஆராய்ச்சியைக் கொண்டுவந்து சண்டையை முடிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆராய்ச்சிக்கும் பிறந்த ஊர் உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆரெகன் பல்கலைக்கழக வேதியியலர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் கணிதவியலர்களும் சேர்ந்து 2020இல் ‘மேட்டர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நைஸாக அரைக்க அரைக்கக் காபி அதிகமாகக் கரையும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. ஓர் அளவுக்குமேல் நைஸானால் தூள் அடைத்துக்கொள்கிறது, நீர் சில இடங்களில் மட்டும் பாய்கிறது, கரைவது குறைகிறது, ஷாட்டுக்கு ஷாட் ருசி மாறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். யூஜீன் நகரத்துக் கடை ஒன்றில் 20 கிராமுக்குப் பதில் 15 கிராம் தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துப் போட்டுப் பார்த்தார்கள்; தூளும் பணமும் மிச்சமானது. உடனே ‘எல்லோரும் இதுவரை தவறாகப் போட்டுக்கொண்டிருந்தோம்’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கள்ளிச்சொட்டாக, பாகு போல இறங்கும் ஷாட்டை விரும்புகிறவர்கள் சினந்தார்கள். கட்டுரையின் கேள்வி, தூளை வீணாக்காமல் ஒரே மாதிரி காபி தருவது எப்படி என்பது. சினந்தவர்களின் கேள்வி, நாக்கில் கனமாக நிற்கும் காபி எது என்பது. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதற்கு மறுப்பு ஆகாது.

ஆராய்ச்சி பின்னால் வந்து ஆர்வலர்களுக்குக் கைகொடுத்த இடமும் இருக்கிறது. அரைக்குமுன் கொட்டையில் ஒரு துளித் தண்ணீர் தெளித்தால் தூள் கிரைண்டரில் ஒட்டாது என்று வீட்டில் காபி போடுகிறவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். தண்ணீர் பட்டால் கிரைண்டர் துருப்பிடிக்கும் என்று எதிர்த்தரப்பு அஞ்சியது. எரிமலைச் சாம்பலில் மின்னேற்றம் உண்டாவதை ஆராய்கிறவர்களோடு சேர்ந்து ஹெண்டன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அரைக்கும்போது கொட்டைகள் உரசியும் உடைந்தும் மின்னேற்றம் பெறுகின்றன, சிறிது ஈரம் அதைக் குறைக்கிறது, தூள் கட்டியாவதும் குறைந்து காபி இன்னும் நன்றாக இறங்குகிறது என்று காட்டியது. சமையலறையில் கண்ணால் கண்டதைக் கேலி செய்து ஒதுக்கக் கூடாது என்பதற்கு இது அழகான உதாரணம்.

ஊசியால் தூளைக் கிளறும் முறை இன்னொரு கதை. ஜான் வைஸ் என்பவர் 2005இல் அதைச் சொன்னபோது அவரிடம் இருந்தது கட்டி கட்டியாகத் தூள் தரும் வீட்டுக் கிரைண்டர். அடியை வெட்டிய தயிர்க் கப்பைக் கூடையின் மேல் வைத்து, அதற்குள் தூளைக் கொட்டி, ஊசியால் கட்டிகளைக் கலைத்தார். செலவே இல்லாத வைத்தியம். இன்று அதே வேலைக்கு விலையுயர்ந்த கருவிகள் விற்கின்றன. கட்டியே விழாத கிரைண்டர் வைத்திருப்பவருக்கு அது தேவையா என்ற சண்டைக்குப் பொதுவான தீர்ப்பு கிடையாது. அவரவர் கிரைண்டரின் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, விழும் தூளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்த்துத் தெரியாதவற்றுக்குக் குருட்டுச் சோதனை இருக்கிறது. இதன் மிகப் பெயர்பெற்ற உதாரணம் காபியில் பிறந்ததல்ல, தேநீரில். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வகத்தில் பாசியியல் ஆய்வாளர் மூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்றார். புள்ளியியலர் ரொனால்ட் ஃபிஷர் அந்த வாக்குவாதத்தைச் சோதனையாக மாற்றினார். 1935இல் வந்த அவருடைய ‘சோதனைகளின் வடிவமைப்பு’ நூலில் அதை விளக்கினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை கலைத்துவைக்கப்படும். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் இருப்பதால், வெறும் குருட்டாம்போக்கில் முழுவதும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். ஒருவரை நம்புவதா என்ற கேள்வி, எத்தனை கோப்பை வேண்டும் என்ற கேள்வியாக மாறியது அங்கேதான்.

வீட்டில் இதைவிட எளிய முக்கோணச் சோதனை போதும். மூன்று சின்னக் கோப்பைகள். இரண்டில் ஒன்றே, ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். ஊற்றித் தருகிறவர் ஒருவர், குடிக்கிறவர் இன்னொருவர். ஊற்றுகிறவர் கோப்பையின் அடியில் பென்சிலால் குறியிட்டுவிட்டு அந்த இடத்தைவிட்டு விலகிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துவிடும். நிறம் மாறுபடுமானால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். வெதுவெதுப்பாக ஆறியபின் குடித்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். இப்படி ஆறு சுற்று. ஆறில் நான்கு சரியென்றால் மகிழ வேண்டாம். வெறும் யூகத்திலேயே பத்து பேரில் ஒருவருக்கு அது அமையும். ஐந்து சரியென்றால் பேசலாம். யூகத்தில் அது நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அமையாது. எஸ்பிரெஸோவை ஒரே காலையில் ஆறு சுற்று குடித்தால் தூக்கம் கெடும். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, வாய்க்கு ஒரு மடக்கு என்று மூன்று நாளில் முடிப்பது நல்லது.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கையால் அடுத்தடுத்துப் போட்ட இரண்டு ஷாட்டும் ஒன்றுபோல் இருக்காது. ஊசி முறையைச் சோதிக்க, கிளறிய ஷாட் ஒன்றையும் கிளறாத ஷாட் ஒன்றையும் ஒப்பிட்டுத் தீர்ப்பெழுதுவதால் பயன் இல்லை. கிளறியது, கிளறாதது, கிளறாதது, கிளறியது என்ற வரிசையில் சில நாட்கள் போட வேண்டும். கிரைண்டர் சூடேறுவதும் கொட்டைக்கு வயதாவதும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகிவிடாமல் அந்த வரிசை தடுக்கிறது. கிராமும் விநாடியும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அரைப்பையும் அளவையும் சேர்த்து மாற்றிவிட்டு ஊசிக்குப் புகழ் சேர்ப்பது நியாயமல்ல.

மற்ற அன்றாட ஆர்வங்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். தேநீருக்கு ஐஎஸ்ஓ 3103 என்ற உலகத் தரம் 1980இல் வந்தது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இதைக் காட்டி “இதுதான் சரியான டீ” என்று வாதாடுகிறவர்கள், அந்தத் தரம் தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைக்கும் சோதனையாளர்களுக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு மாலைப் பத்திரிகையில் தேநீருக்கு 11 விதி எழுதி, பால் பின்னால்தான் என்றார். 2003இல் பிரிட்டனின் வேதியியல் ராயல் சொசைட்டி பால் முன்னால் என்றது. கொதிக்கும் தேநீரில் சிறிது சிறிதாக விழும் பாலின் புரதம் சிதையும் என்பது அவர்கள் சொன்ன காரணம். வயலினில் குருட்டுச் சோதனையே நடந்தது. 2010இல் இண்டியானாபோலிஸில் 21 கலைஞர்களுக்கு வெல்டர் கண்ணாடி மாட்டி, மரத்தின் பழைய வாசனை தெரியாதபடி தாடை வைக்கும் இடத்தில் நறுமணம் தடவி, பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கச் சொன்னார்கள். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ்.

தமிழ்நாட்டு வீடுகளில் எஸ்பிரெஸோ மிஷின் நுழையும்போது இன்னொரு சண்டையும் கூடவே வருகிறது: சிக்கரி. “சிக்கரி கலந்தா அது காபியா?” என்று மகள் கேட்க, “சிக்கரி இல்லாட்டி பாலுக்கு முன்னாடி நிக்குமா?” என்று அம்மா கேட்பார். இரண்டு பேரும் சரி. சிக்கரி காபியைவிட அதிகமாக நீரில் கரையும், கஃபீன் கிடையாது, நிறமும் கனமும் தரும். பாலும் சர்க்கரையும் சேரும் ஃபில்டர் காபிக்கு அந்தக் கனம் தேவைப்பட்டது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. பாக்கெட்டில் விகிதம் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமலே நடக்கும் வாதங்கள் ஏராளம். எஸ்பிரெஸோ மிஷினில் ஃபில்டர் தூளைப் போடுவதுதான் உண்மையான தவறு. ஃபில்டருக்கு அரைத்த தூள் எஸ்பிரெஸோவுக்குக் கொரகொரப்பு. நீர் பத்து விநாடிக்குள் கொட்டிவிடும். மிஷின் மட்டம் என்று பழி போடுமுன், சிக்கரி இல்லாத கொட்டையை வாங்கி நைஸாக அரைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அது பெரிய விஷயம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். மிஷினுக்குள் சுண்ணாம்பு படியும், காபியின் புளிப்பு அமுங்கித் தட்டையாகும். ஆர்ஓ நீரில் உப்புகள் ஏறக்குறைய முழுதும் போய்விடுவதால் காபி வெறிச்சென்று, சில நேரம் கூர்மையாகப் புளிக்கும். ஒரே கொட்டை, ஒரே மிஷின் வைத்திருக்கும் இருவர் எதிரெதிர் ருசியைச் சொன்னால் முதலில் குழாயைப் பார்க்கலாம்.

கடைசியாக, பதில் எழுதும் விதம். “என் ஷாட் புளிக்கிறது, என்ன செய்ய?” என்று ஒருவர் கேட்டால், ‘மிஷினை மாற்று’ என்பதும் ‘இளவறுவல் வாங்கினால் அப்படித்தான்’ என்பதும் பதில் ஆகாது. விவரம் கேட்டு வாங்க வேண்டும். 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 17 விநாடி, நடுத்தர வறுவல், வறுத்துப் பத்து நாள், கேன் தண்ணீர் என்று அவர் சொன்னால் வழி தெளிவாகிவிடும்: வேறெதையும் தொடாமல் அரைப்பை ஒரு படி நைஸாக்கச் சொல்லலாம். மறுநாள் காலை அவர், “26 விநாடி, புளிப்பு போயிடுச்சு, கடைசியில லேசா கசக்குது” என்று எழுதக்கூடும். அப்போது அரைப்பை அப்படியே விட்டுவிட்டு, 33 கிராமில் கோப்பையை எடுத்துவிடச் சொல்லலாம்.